எழுபத்திரண்டு செடிகள்

மூன்றாம் எண் பையிலிருந்த பஞ்சை மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் ஒரே விடைதான் வந்தது. இழை மெலிந்திருந்தது.

நான் ஒரு ஜின்னிங் ஆலையின் சோதனை அறையில் வேலை செய்கிறேன். விவசாயப் பட்டம் படித்தவன். விதை நீக்கிய பஞ்சைக் கருவியில் வைத்து இழையின் நீளம், வலிமை, கனம் பார்ப்பது வேலை. நன்றாக முதிர்ந்த காயின் இழைக்குச் சுவர் தடித்திருக்கும். முதிராத இழை மெல்லியது. சாயம் பிடிக்காது, நூற்கும்போது சின்னச் சின்ன முடிச்சாகச் சுருண்டுகொள்ளும். கொஞ்ச நாள் பழகினால் கருவி தேவையில்லை, விரலே சொல்லிவிடும்.

அன்று சோதித்தது ஆலைப் பஞ்சு இல்லை. பதினெட்டுச் சிறிய துணிப்பைகள். பாத்திக்கு ஒன்றாக, முதலில் வெடித்த காய்களிலிருந்து மாதிரிக்கு எடுத்து என் மனைவியின் தங்கை கொடுத்துவிட்டுப் போனவை. அவளுக்கு வீட்டில் அரைப்படி என்று பெயர். உயரம் அவ்வளவுதான். பெயர் வைத்தவள் என் மனைவி.

அரைப்படி பருத்தியில் முதுகலை ஆய்வு செய்கிறாள். மண்ணை மேடாக அணைத்த பாரில் கையால் விதை ஊன்றுவது நல்லதா, சமதரையில் இயந்திரத்தால் விதைப்பது நல்லதா? செடிக்குச் செடி பதினைந்து சென்டிமீட்டர் விடலாமா, முப்பதா, நாற்பத்தைந்தா? எதில் விளைச்சல் கூடும், எதில் இழை தேறும்? இதுதான் அவள் கேள்வி. இரண்டு முறை, மூன்று இடைவெளி, ஒவ்வொன்றும் மூன்று இடத்தில். ஆகப் பதினெட்டுப் பாத்திகள். மாமனார் தன் நிலத்தில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்.

நாற்பத்தைந்து விட்ட பாத்திகள் ஆறு. அவற்றில் நான்கின் பஞ்சு தடித்து, நன்றாக முதிர்ந்திருந்தது. அகலமாக விட்டால் அப்படித்தான் வர வேண்டும். வெயில் அடிக்கிளை வரை போகும், காய் பெருக்கும். ஆனால் மூன்றும் ஐந்தும் வேறு மாதிரி. பதினைந்து விட்டு நெருக்கிய பாத்திகளைவிட மோசம்.

பஞ்சுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்த இரண்டு பாத்தியிலும் நாற்பத்தைந்து இல்லை.

இதை எழுதும்போது எளிதாக இருக்கிறது. அன்று கருவியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால், ஆய்வேட்டை அவள் வருடக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். பருத்தி வருடத்துக்கு ஒரு பருவம். இந்தப் பாத்திகள் கெட்டால் அவளுக்கு ஒரு வருடம் போகும். மேற்படிப்புக்குக் கிடைத்திருந்த இடமும் கூடவே போகும். அந்த இடம் கிடைத்த அன்று மாமியார் மூன்று வீட்டுக்கு நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தார். நான்காவது வீட்டுக்காரியே எதிரே வந்துவிட்டதால் தெருவிலேயே சொன்னார்.

மாலையில் நேரே நிலத்துக்குப் போனேன்.

செடிகள் மார்பு உயரம். கிளைகள் பின்னிக்கொண்டு மேலே ஒரே பச்சை, நடுநடுவே வெடித்த காய்கள். மேலிருந்து பார்த்தால் எந்தப் பாத்தியும் மற்றதுபோலத்தான். மூன்றாம் பாத்தியில் மண்டியிட்டுக் கிளைகளை விலக்கினேன். தடித்த தண்டு ஒன்று. நாற்பத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே மிகச் சரியாக, சுண்டுவிரல் பருமனில் ஒரு தண்டு. நிழலிலேயே வளர்ந்து, கழுத்தை நீட்டி, உச்சியில் இரண்டு காயோடு நின்றது.

அடுத்த இடைவெளியிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும்.

கன்னுக்குட்டிகள் மாதிரி, ஒவ்வொரு பெரிய செடிக்கும் பக்கத்தில் ஒரு சின்னச் செடி. தானாக முளைத்தது இப்படி நூல் பிடித்தாற்போல முளைக்காது. யாரோ ஊன்றியிருக்கிறார்கள். அதுவும் முதல் விதைப்பு முளைத்த பிறகு.

ஐந்தாம் பாத்தியிலும் அதே கதை. மற்ற நான்கும் சுத்தம்.

நான் பயந்தது அப்போது இல்லை. பதிவேடு நினைவுக்கு வந்தபோது.

விதைத்த இருபதாம் நாள் ஒவ்வொரு பாத்தியிலும் உயிரோடு நிற்கும் செடிகளை எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். விளைச்சல் கணக்கெல்லாம் அதன் மேல்தான் நிற்கும். அரைப்படி கல்லூரி விடுதியில் இருந்தாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருவாள். வந்தால் பாத்திக்கு ஐந்து செடி வீதம் சீட்டு கட்டி வைத்தவற்றை மட்டும் அளந்துவிட்டுப் போவாள். எண்ணும் வேலை என்னுடையது. நான்தான் அங்கேயே இருக்கிறேன். மனைவி போன பிறகும் மாமனார் வீட்டிலேயே இருக்கிறேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. போகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

அந்த இருபதாம் நாள் பதிவேட்டோடு வரப்பில் போய் நின்றேன். குனியவில்லை. வரிசைக்குப் பன்னிரண்டு, ஆறு வரிசை, எழுபத்திரண்டு. முப்பது விட்டதில் நூற்றெட்டு. பதினைந்தில் இருநூற்றுப் பதினாறு. பெருக்கி எழுதிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மனைவி இறந்து அப்போது ஏழு மாதம். அதைக் காரணமாகச் சொல்லவில்லை. அந்த நாட்களில் எதைச் செய்தாலும் அப்படித்தான் செய்தேன். பல் விளக்கினேனா என்று பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். ஆனால் அன்று ஒரே ஒரு வரிசை குனிந்து எண்ணியிருந்தால் நடுவே நின்ற பிஞ்சுச் செடிகள் கண்ணில் பட்டிருக்கும். இரண்டு இலையோடு இருந்திருக்கும். இரண்டு விரலால் பிடுங்கிப் போட்டிருக்கலாம். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

வீட்டுக்குப் போனேன். மாமியார் சமையலறையில் தரையில் உட்கார்ந்து பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். மாமனார் வாசற்படியில் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, பாதையோரப் பாத்தி ரெண்டுலயும் நடுவுல நடுவுல செடி நிக்குது."

துடைத்துக்கொண்டிருந்த தட்டு நின்றது. பிறகு மறுபடி சுற்ற ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக.

"நிக்கட்டுமே மாப்பிள்ளை. செடிதானே, திருடனா?"

"யார் ஊன்னது?"

"பால்காரர் தினமும் அந்த வழியாத்தான் போறார். 'என்னம்மா, விதை பத்தலையா, இப்படிப் பல்லு விழுந்த வாய் மாதிரி விதைச்சிருக்கீங்க?'ன்னு கேட்டார். ரெண்டு நாள் பொறுத்தேன். மூணாம் நாளும் கேட்டார்."

"அதனால?"

"நான் பாடுவாசிதான் நிரப்பினேன். தப்பா?"

முளைக்காத குழிகளில் மறுபடி விதை போடுவதற்குத்தான் பாடுவாசி நிரப்புவது என்று பெயர். பருத்தி விதைத்த எந்த வீட்டிலும் எட்டாம் நாள் பத்தாம் நாள் அதைச் செய்வார்கள். செய்யாவிட்டால்தான் தப்பு. மாமியார் நாற்பது வருடமாகச் செய்கிறார். அவருக்கு அந்த இரண்டு பாத்தியும் முழுக்க முழுக்கப் பாடுவாசியாகத் தெரிந்திருக்கிறது.

"அது வேணும்னே விட்ட இடம், அத்தை. விதைக்கும்போது சொன்னோமே."

"சொன்னீங்க. காதுல விழுந்துச்சு." தட்டைக் கவிழ்த்து வைத்தார். "ஒரு இடம் காலியா கிடந்தா என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல மாப்பிள்ளை. அவ்வளவுதான்."



வாசலிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "நான் அப்பவே பாத்தேன்."

"பாத்தீங்களா? எப்போ மாமா?"

"களை எடுத்து, அதிகச் செடியைப் பிடுங்கிக் கலைக்கும்போது. 'அந்த ரெண்டு பாத்தியையும் நானே கலைக்கிறேன், யாரும் வர வேண்டாம்'னு இவ சொன்னா. அப்பவே சந்தேகம். உங்க அத்தை ஒன்னு செஞ்சா அதுல ஒரு காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

"என்ன காரணம்னு கேக்கலையா?"

"கேட்டா சண்டை வரும். அதான் கேக்கல." ஒரு ஆணியை வாயிலிருந்து எடுத்தார். "முப்பத்தஞ்சு வருஷம் இப்படித்தான் ஓடிக்கிட்டிருக்கு வண்டி."

இரண்டு பேருக்கும் அது ஏதோ சின்னக் குறும்பு மாதிரி இருந்தது. என்ன ஆகும் என்று சொன்னேன். பாத்தி கெட்டுப்போனதை, வருடம் போவதை, கிடைத்த இடம் போவதை. மாமியாரின் முகம் மெல்ல மெல்ல மாறியது. கடைசியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"என் கையாலயா?" என்றார். "என் கையால அவ படிப்பையா?"

"உங்க கையால மட்டும் இல்ல அத்தை," என்றேன். பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன்.

மாமனார் சுத்தியலைக் கீழே வைத்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மாமியார் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பதினொரு மாதமாக எனக்கு எது நடந்தாலும், நான் எது செய்தாலும், தண்ணீர்தான் வரும்.

சனிக்கிழமை அரைப்படி வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் பஞ்செடுப்பு. அன்று அவளுடைய பேராசிரியரே நிலத்துக்கு வருகிறார். அந்த மகிழ்ச்சியில் பையைக் கூட இறக்காமல் பேசிக்கொண்டே வந்தாள்.

"அத்தான், ரிசல்ட் வந்துச்சா? முப்பதுதான் ஜெயிக்கும்னு எனக்குத் தோணுது. பதினஞ்சுல காய் எண்ணிக்கை அதிகம், ஆனா ஒவ்வொன்னும் கொட்டைப்பாக்கு சைஸ். கீழ்க்காய் பாதி அழுகிப்போச்சு. நாப்பத்தஞ்சுல காய் இவ்வளவு பெருசு, ஆனா செடி கம்மி. என்ன, ஏன் முழிக்கிறீங்க?"

நிலத்துக்கு அழைத்துப்போனேன். கிளைகளை விலக்கிக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். ஒரு வரிசை, இரண்டு வரிசை. ஐந்தாம் பாத்திக்கும் ஓடிப்போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தபோது பேச்சு நின்றிருந்தது.

"அம்மாவா?"

"ஆமா."

"எப்போ?"

"எட்டாம் நாள் வாக்குல."

"எட்டாம் நாளா? அப்போ இருபதாம் நாள்…" பையிலிருந்து பதிவேட்டை எடுத்தாள். பக்கத்தைத் திருப்பினாள். நான் எதிரே நின்றேன். அவள் விரல் கட்டம் கட்டமாக இறங்கியது.

"எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. நூத்தெட்டு. இருநூத்துப் பதினாறு." நிமிர்ந்தாள். "ஒன்னு கூடக் குறையல. ஒன்னு கூடக் கூடல. இது பருத்தியா, அணிவகுப்பா அத்தான்?"

"எண்ணல."

"தெரியுது. நானும் ஒரு முட்டாள். நாலு மாசமா இந்தப் பக்கத்தைப் பாத்துட்டு, அத்தான் எவ்வளவு அழகா எழுதியிருக்காருன்னு தோழிங்ககிட்ட காட்டியிருக்கேன்."

"என் தப்புதான்."

"ஆமா, உங்க தப்புதான்." குரல் உடைந்தது. "எல்லாரும் உங்களைப் பாவம் பாவம்னு விட்டுட்டாங்க. சாப்பிடலையா, பாவம். பேசலையா, பாவம். அவ எனக்கும் அக்காதானே? நான் அதுக்கப்புறமும் ஒவ்வொரு செடியா அளந்தேன். ஸ்கேலைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே அளந்தேன். ஆனா அளந்தேன். உங்களை நான் பாவம்னு விட மாட்டேன் அத்தான். அது உங்களுக்கு நான் செய்யற மரியாதை இல்ல."

வரப்பில் உட்கார்ந்து முழங்காலில் முகம் புதைத்துக்கொண்டாள். அரைப்படி இன்னும் சின்னதாகத் தெரிந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை மாதத்தில் யாரோ என்னோடு பேசியது போல முதல்முறையாக இருந்தது.

"ரெண்டு வழி இருக்கு," என்றாள், முகத்தைத் தூக்காமலே. "அந்தச் சின்னச் செடியெல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு, பதிவேட்டை அப்படியே விட்டுடலாம். மேடத்துக்குத் தெரியாது."

"பஞ்சு சொல்லும்."

"சொல்லும். ஆனா உங்களுக்கு மட்டும்தானே சொல்லும்? எண் நீங்க எழுதறதுதானே."

அவள் என்னைப் பார்த்தாள். உண்மையாகத்தான் கேட்டாள். ஒரு வருடம் அவளுடையது. நான் ஒரு வார்த்தை சொன்னால் செய்துவிடுவாள். அந்த இரண்டு பைகளின் எண்களை மாற்றி எழுத எனக்கு ஒரு நிமிடம் போதும். பெருக்கி எழுதிப் பழகியவன்.

"ரெண்டாவது வழி?" என்றேன்.

நீண்ட மூச்சு விட்டாள். "உள்ளதை உள்ளபடி சொல்றது. மூணையும் அஞ்சையும் கெட்டுப்போன பாத்தின்னு எழுதிடறது. ரெண்டு பாத்தி போனா கணக்குல ஈடுகட்ட வழி இருக்கு. ஆனா பதிவேடு பொய்னு தெரிஞ்சா பதினெட்டும் போச்சு. பதினெட்டையும் மறுபடி எண்ணணும். பஞ்செடுக்கறதுக்கு முன்னால. அப்பவும் மேடம் ஒத்துக்கணும்."

"எண்ணுவோம்."

"இது ரெண்டு இலைச் செடி இல்ல அத்தான். நெஞ்சு உயரம். தவழ்ந்துதான் போகணும்."

"தவழ்வோம்."

ஆலையில் நான்கு நாள் விடுப்பு சொன்னேன். அரைப்படி சட்டம் போட்டாள். ஒவ்வொரு பாத்தியையும் இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். ஒருவர் எண்ணுவதை மற்றவர் கேட்கக் கூடாது. இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அவளும் மாமனாரும் ஒரு ஜோடி. நானும் மாமியாரும் ஒரு ஜோடி.

"அம்மாவையா சேர்க்கறே?" என்றார் மாமனார். "எண்ணிக்கிட்டே நட்டுக்கிட்டே போவா."

"நீங்க வாயை மூடிக்கிட்டு எண்ணுங்க, போதும்," என்றார் மாமியார்.

அது நடக்காது என்று முதல் பாத்தியிலேயே தெரிந்தது. மாமனாருக்கு மௌனமாக எண்ண வராது. "நாப்பத்தொன்னு, நாப்பத்திரெண்டு, அட இங்க பாரு தத்துக்கிளி, நாப்பத்து… நாப்பத்து…" என்று நிற்பார். செடிக்கு அந்தப் பக்கமிருந்து அரைப்படி, "அப்பா, முதல்லேருந்து!" என்பாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கமாகத் தவழ்ந்து வெளியே வருவார். பத்துச் செடிக்கு ஒரு கூழாங்கல் என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். மதியத்துக்குள் அவர் பை கிழிந்து கல்லெல்லாம் வழியில் உதிர்ந்திருந்தது.

கிளைகள் முகத்தில் கீறின. காய் வெடித்த ஓட்டின் நுனி ஊசி மாதிரி. மண்ணுக்கு அருகே காற்று இல்லை. ஒவ்வொரு தண்டையும் கையால் தொட்டு எண்ணினேன். தொடாமல் எண்ணினால் மறுபடி பெருக்கிவிடுவேனோ என்று என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. இரவில் கண்ணை மூடினால் தண்டுகள் வரிசையாக வந்தன. வெகுநாளாக அந்த இடத்தில் வேறு எதுவோ வந்துகொண்டிருந்தது.

எந்தப் பாத்தியிலும் எழுபத்திரண்டு இல்லை. அறுபத்தெட்டு, அறுபத்தாறு, எழுபது. இயந்திரம் விதைத்தவற்றில் இன்னும் குறைவு. ஆழமாக விழுந்த விதைகள் மழைக்குப் பிறகு மேல்மண் இறுகியதால் வெளியே வர முடியாமல் போயிருக்கின்றன. பாரில் கையால் ஊன்றியவை கிட்டத்தட்ட எல்லாமே பிழைத்திருந்தன. அரைப்படி அந்த எண்களை வாங்க வாங்க அவள் முகம் மாறியது.

"அத்தான், இது தெரியுதா? இயந்திரப் பாத்தியில விளைச்சல் குறைஞ்சா, முறை சரியில்லன்னு எழுதியிருப்பேன். முறை சரிதான். செடியே கம்மி. இந்த எண்ணிக்கை இல்லாம நான் எழுதற முடிவே தப்பா இருந்திருக்கும்."

"அப்போ திட்டினதை வாபஸ் வாங்கு," என்றார் மாமனார்.

"வாங்க மாட்டேன்."

மூன்றாம் நாள் பதினோராம் பாத்தி. நான் தொண்ணூற்றேழு. மாமியார் தொண்ணூற்றெட்டு. மறுபடி போனோம். மறுபடியும் அதே. மூன்றாம் முறை பக்கத்தில் பக்கத்தில் தவழ்ந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனோம். நான்காவது வரிசையில் அவர் நின்றார்.

"இதை விட்டுட்டீங்க."

முழங்கால் உயரத்தில் ஒடிந்த தண்டு. ஏதோ மாடோ ஆளோ மிதித்திருக்க வேண்டும்.

"அது ஒடிஞ்சு போச்சு அத்தை."

"ஒடிஞ்சதுதான். சாகலையே." ஒடிந்த இடத்துக்குக் கீழே பக்கவாட்டில் போன ஒரு கிளையைத் தூக்கிக் காட்டினார். மூன்று காய்கள். ஒன்று வெடித்திருந்தது. "சேத்துக்கங்க."

தொண்ணூற்றெட்டு என்று எழுதினேன்.

வெளியே வந்ததும் அவர் என் தலையிலிருந்து இலைத் துணுக்குகளைத் தட்டிவிட்டார். "முடி வெட்டி எத்தனை நாளாச்சு மாப்பிள்ளை? பாத்தி மாதிரி வளந்து கிடக்கு. இதையும் கலைக்க வேண்டாமா?"

அரைப்படி சிரித்தாள். மாமனார் சிரித்தார். எனக்கும் வந்தது. சத்தம் கேட்டு நானே திடுக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் வந்தார். அறுபதை நெருங்கிய அம்மா. பெரிய தொப்பி, சேறு படிந்த பழைய ஷூ. தண்ணீர் கூடக் குடிக்காமல், "பாத்தியைக் காட்டு," என்றார்.

அரைப்படி பதிவேட்டை நீட்டினாள். பழைய எண்களை அவள் அழிக்கவில்லை. மேலே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் புதிய எண்களும் தேதியும் எழுதியிருந்தாள். நடந்ததைச் சொன்னாள். எதையும் விடவில்லை.

பேராசிரியர் என்னிடம் திரும்பினார். "இருபதாம் நாள் எண்ணினது நீங்களா?"

"எண்ணல மேடம். எண்ணினதா எழுதினேன்."

"ஏன்?"

காரணம் தயாராகத்தான் இருந்தது. எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் காரணம். சொன்னால் அந்த அம்மாவும் தலையை ஆட்டியிருப்பார், தண்ணீர் கொடுத்திருப்பார்.

"குனியல," என்றேன்.

அவர் பதிவேட்டை மூடினார். பிறகு மாமியாரிடம், "நடுவுல நட்டது நீங்கதானா?"

"நான்தாங்க. எனக்கு வேணா தண்டனை கொடுங்க, பொண்ணுக்குக் கொடுக்காதீங்க. அவ ராப்பகலா படிச்ச பொண்ணு."

"எட்டாம் நாள் நட்டீங்களா?"

"எட்டாம் நாள்தான். ஈரம் இருந்துச்சு. விதையைச் சாம்பல்ல புரட்டித்தான் போட்டேன். ஒன்னு கூடப் பழுதாகல." சொல்லும்போதே குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. மாமனார் இருமினார்.

பேராசிரியர் ஷூவோடு மண்டியிட்டு ஏழாம் பாத்திக்குள் தவழ்ந்து போனார். நாங்கள் நால்வரும் வரப்பில் நின்றோம். தொப்பி கிளைகளுக்கிடையே போவதும் நிற்பதுமாகத் தெரிந்தது. வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"அறுபத்தாறு. நீ என்ன எழுதியிருக்கே?"

"அறுபத்தாறு மேடம்."

இன்னொரு பாத்தி. அதுவும் ஒத்துப்போயிற்று. பதினோராம் பாத்தியில் வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"தொண்ணூத்தியேழு," என்றார்.

மாமியார் முன்னால் போய் நான்காவது வரிசையில் கிளையைத் தூக்கிப் பிடித்தார். பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.

"தொண்ணூத்தியெட்டு," என்றார். அரைப்படியிடம் திரும்பி, "மூணும் அஞ்சும் கெட்டுப்போன பாத்தி. ஈடுகட்டிக் கணக்குப் போடு. பழைய எண்ணிக்கை ஏன் தப்புன்னு எழுதினவரே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடணும். அதை ஆய்வேட்டோட பின்னால சேத்துடு. தேர்வாளர் கேள்வி கேப்பார். நீதான் பதில் சொல்லணும். சொல்லுவியா?"

"சொல்லுவேன் மேடம்."

"அப்போ நின்னுக்கிட்டு என்ன பண்றே? வெயில் ஏறுறதுக்குள்ள பஞ்சை எடு."

அரைப்படி அவர் காலில் விழுவாள் போலிருந்தது. விழவில்லை. திரும்பி என் தோளில் ஒரு குத்து விட்டாள். அவள் உயரத்துக்கு அது முழங்கையில் பட்டது.

தாளை அங்கேயே வரப்பில் உட்கார்ந்து எழுதினேன். 'இருபதாம் நாள் நான் செடிகளை எண்ணவில்லை. இருக்க வேண்டிய எண்ணிக்கையைப் பெருக்கி எழுதினேன். நூற்று நாற்பதாம் நாளை ஒட்டி நான்கு பேர் எண்ணியதே சரியானது. மன்னிக்கவும்.' அரைப்படி வாங்கிப் படித்தாள். கடைசி வார்த்தையை அடித்தாள்.

"ஆய்வேட்டுல இதுக்கெல்லாம் இடமில்ல அத்தான். மத்தது நல்லா இருக்கு."

பிறகு எல்லோரும் இறங்கினோம். பதினாறு பாத்திகள், பாத்திக்கு ஒரு சாக்கு, ஒவ்வொன்றிலும் எண். நான் தராசில் நிறுத்துச் சொல்ல, அவள் எழுதினாள். பாரில் ஊன்றி முப்பது விட்டவைதான் முந்தின. மூன்றரைக் கிலோவுக்குப் பக்கம். நாற்பத்தைந்து அதற்கு அடுத்து, மூன்றைத் தொட்டும் தொடாமலும். பதினைந்தில் பஞ்சு இருந்தது, ஆனால் சருகும் அழுகலும் கலந்து. விரலில் உருட்டினாலே இழையின் மெலிவு தெரிந்தது.

மூன்றையும் ஐந்தையும் மாமியார் தனியாக எடுத்தார். கணக்கில் இல்லாத பாத்தி, யாரும் உதவிக்குப் போகவில்லை. சாயங்காலம் மூன்றாம் பாத்திச் சாக்கை இழுத்துக்கொண்டு தராசுக்கு வந்தார்.

"இதை எதுக்கும்மா நிறுக்கணும்?" என்றாள் அரைப்படி. "நான் எழுதப் போறதில்ல."

"நீ எழுத வேண்டாம். எனக்குத் தெரிஞ்சா போதும். மாப்பிள்ளை, வைங்க."

வைத்தேன். முள் ஆடி நின்றது. செடிகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பஞ்சு, அகலமாக விட்ட பாத்தியைவிட அரைக் கிலோ குறைவு. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கிலோ நானூறு, அத்தை."

"ரெண்டரைன்னு சொல்லக் கூடாதா? நூறு கிராம்தானே."

"கூடாது அத்தை."

"சரிதான்." சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டினார். "ஒரு தட்டுல ரெண்டு பேரை உக்கார வச்சா ரெண்டு பேருக்கும் அரை வயிறுதான். அடுத்த தடவை அந்தப் பால்காரர் கேட்டா, அவரையே கூட்டிட்டு வந்து தராசுல நிறுத்திடறேன்."

"அடுத்த தடவை அந்தப் பாத்தியை நான் எண்ணறேன்," என்றேன்.

"நீங்க எண்ணுங்க. நான் கைகட்டி நிக்கறேன்." கொஞ்சம் யோசித்தார். "நிக்க முயற்சி பண்றேன்."

அடுத்த சாக்கு காத்திருந்தது. மாமனார் அதன் மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சொன்னோம்.